பிரதம விருந்தினரின் கதவு

இத்தாலியின் பலேர்மோ நகரில், பணக்காரர் வாழும் லிபெர்த்தாத் தெருவில் கிளறா வேலை செய்யும் வீட்டில், மெஸ்யே றூபோ தினமும் காலையில் கோட்டும் கழுத்துக்கு ரையும் அணிந்துகொண்டு வரவேற்பறைக்குப் போவார். போக வேறு இடமில்லை. பிரான்சில் விமானம் கட்டும் கம்பனியொன்றில் அவர் பெரிய அதிகாரியாக இருந்தவர். இரண்டு கம்பனிகள் ஒன்றானபோது நாற்காலி ஒன்று, ஆள் இரண்டு என்றாகி, இவரை எழுப்பிவிட்டார்கள். பிரியாவிடைக்கு ஒரு கிளாஸ் வைன்கூட இல்லை. நாலு வார்த்தை பேசவும் ஆளில்லை. மனைவியின் ஊரான பலேர்மோவுக்கு வந்த பிறகும் மனிதர் அந்த நாலு வார்த்தைக்காகவே ஏங்கினார். கோப்பி கொண்டுபோய்க் கொடுக்கும் கிளறாவுக்கு அது தெரியும்.

அதனால்தான், தொண்ணூற்றாறாம் ஆண்டு நத்தார் ஒளிவிழாவுக்குப் பிரதம விருந்தினர் தேடிப் பலேர்மோத் தமிழர் சங்கத் தலைவர் ஆனந்தராசா அலைந்தபோது, அவள் வாயைத் திறந்தாள்.

"போன வருசமும் பங்குச் சுவாமி, அதுக்கு முந்தியும் பங்குச் சுவாமி. மொறீசியஸ்காரர் தங்கட விழாவுக்கு ஒரு தூதரகக் கொன்சலைப் பிடிச்சுப்போட்டாங்கள், பிள்ளை. எங்கட மானம் போகுது," என்று புலம்பினார் ஆனந்தராசா.

"எங்கட வீட்டுச் சின்யோர் பிளேன் செய்தவர், அண்ணை."

"பிளேனோ! கூட்டிக்கொண்டு வாரும்!"

சீசாப் பகுதிக் கோவிலின் பங்கு மண்டபத்தில் மெஸ்யேக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஆனந்தராசா மைக்கைப் பிடித்தார். அவர் பேச்சில், பிளேன் செய்தவர் சற்று நேரத்தில் ஆகாயத்தை ஆண்டவரானார். பிறகு ரொக்கெற் விட்டார். தலைவர் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தபோது சந்திரனும் கிட்ட வந்துவிட்டது. கிளறா இதையெல்லாம் இத்தாலியனில் மெஸ்யேயின் காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். முதலில் அவர் முகம் மலர்ந்தது. ரொக்கெற்றில் சிவந்தது. சந்திரனில் தலை குனிந்தது.

பதிலுரைக்கு எழுந்தவர் அவள் பக்கம் திரும்பினார்.

"கிளறா, என் பிரிவு செய்தது விமானக் கழிப்பறையின் கதவு. மடிந்து திறக்கும் கதவு. வேலைக்காலம் முழுக்க அதுதான். லிபெர்த்தாவில் ஒருவரிடமும் சொன்னதில்லை. இவர்களிடம் சொல்."

"சொல்லத்தான் வேணுமோ, சின்யோர்?"

"நாலு வார்த்தைக்கு ஆசைப்பட்டேன். அது என்னைப் பற்றியதாக இருக்கட்டும்."

கிளறா மைக்கில் சொன்னாள். ஆனந்தராசா பொன்னாடையைத் திருப்பி வாங்கலாமா என்பதுபோலப் பார்த்தார்.

பின்வரிசையில் அற்புதமலர் எழுந்தாள். "ஐயோ, அந்தக் கதவோ! கொழும்பிலையிருந்து வரேக்கை உள்ளுக்கை நிண்டு, மாதாவே மாதாவே எண்டு குழறினனான்!"

"நீராவது உள்ளுக்கை போனீர்," என்றார் பக்கத்தில் இருந்த பெனடிக்ற். "நான் வெளியிலை நிண்டு கைபிடியைத் தேடினனான்."

மண்டபமே குலுங்கியது. அந்தக் கதவோடு மல்லுக்கட்டாமல் பலேர்மோ வந்து சேர்ந்தவர் அங்கே ஒருவருமில்லை போலிருந்தது.

கிளறா அவற்றை இத்தாலியனில் சொல்லச் சொல்ல மெஸ்யே நிமிர்ந்தார். "நடுவில்! நடுவில் தள்ள வேண்டும்! படம் போட்டு ஒட்டுங்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சண்டை பிடித்தேன். அழகு கெட்டுவிடும் என்றார்கள்!" பொன்னாடையைக் கழற்றி, கதவுபோல மடித்து விரித்துக் காட்டினார். கைதட்டல் எழுந்தது. கேள்விமேல் கேள்வி வந்தது. பூட்டினால்தான் லைற் பற்றுமோ? பிள்ளை உள்ளே பூட்டிக்கொண்டால் என்ன செய்வது? தன் கம்பனியில் அவர் பேச்சை ஒருவரும் இவ்வளவு உன்னிப்பாகக் கேட்டதில்லை.

பற்றிஸ் பலகாரமும் தேநீரும் கொடுக்கும்போது ஆனந்தராசா கிளறாவை ஒரு பக்கமாக அழைத்தார்.

"பிள்ளை, நடுவிலை தள்ளுறதெண்டே சொன்னவர்?"

"ஓம், அண்ணை."

அவர் பெருமூச்சு விட்டார். "நான் கொழும்பிலையிருந்து ரோம் வரைக்கும் அடக்கிக்கொண்டெல்லே வந்தனான்."