முதுகில் ஒரு பேட்ச்

பழையதை எடுத்தேனா, எடுக்கலையா?

விடிந்ததிலிருந்து அவள் மனசு இந்தக் கேள்வியையே செக்குமாடாய்ச் சுற்றிக்கொண்டிருந்தது. கணவரின் வலிக்காக உடம்பில் ஒட்டும் மருந்துப் பேட்ச்சை மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பழையதை உரித்த பிறகுதான் புதியது; இரண்டும் சேர்ந்தால் மருந்து மிஞ்சி மூச்சே அடங்கிவிடலாம். நேற்று மார்பில் புதியதை ஒட்டியது நினைவிருக்கிறது. முதுகுப்பக்கம் கை போனதுதான் நினைவில்லை. அவரோ இன்னும் கண் திறக்கவில்லை. மூச்சு விட்டு விட்டு வந்தது.

அவர் முதுகுக்கடியில் கையை நுழைத்தாள். விரல் நுனியில் பழையது தட்டுப்பட்டது.

சத்தமில்லாமல் உரித்துப் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு நொடி நினைத்தாள். மகளுக்குத் தெரிந்தால் அப்பாவைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்காமல் விடமாட்டாள். அவருக்கு இருப்பதோ சில வாரங்கள். அந்தச் சில வாரமும் இந்தக் கட்டிலில்தான் என்று இவள் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

போனை எடுத்து, வீட்டுக்கு வந்து அவரைப் பார்க்கும் நர்ஸிடம் சொன்னாள்: "நான் தப்புப் பண்ணிட்டேன்."

கால் மணியில் நர்ஸ் வந்துவிட்டாள். டாக்டரிடம் பேசி இரண்டையும் எடுத்தாள். கட்டிலோரம் நாற்காலியைப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணினாள். மற்ற வீடுகளுக்குப் போன் செய்து தாமதமாகும் என்றாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டினால் தேவலை என்றிருந்தது இவளுக்கு.

மதியம் அவர் கண்ணைத் திறந்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர்; சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கும் நர்ஸுக்கு 'செக்கிங்' என்று பேர் வைத்திருந்தார்.

"செக்கிங் வண்டியை விட்டு இறங்கவே இல்லையே. டிக்கெட் எடுக்காதது யாரு?"

"நான்தான்," என்றாள் மனைவி.

"பாத்துப் போட்டுக் குடுங்கம்மா. ரொம்ப நாள் பிரயாணி."

நர்ஸ் சிரித்துவிட்டாள். இவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் முட்டின.

சாயங்காலம் மகள் வந்தாள்; நடந்ததை இவளே சொன்னாள். பெற்றவளைத் திட்ட வாய் வராமல், வயசாயிற்று, தூக்கம் இல்லை என்று சுற்றி வளைத்து, அப்பாவை இல்லத்தில் சேர்க்கும் பேச்சில் வந்து நின்றாள் மகள். நர்ஸ் கையுறையைக் கழற்றியபடி சொன்னாள்: "தப்பு யாரும் பண்ணலாம். மறைக்காம என்னைக் கூப்பிட்டாங்க பாருங்க, அதனாலதான் அப்பா இப்போ ஜோக் அடிக்கிறார். இங்கேயே இருக்கட்டும்."

பிறகு இவள் பக்கம் திரும்பி, "இனிமே மாத்துற அன்னைக்கு எனக்குப் போன் போடுங்க. பழையது மடிஞ்சு டப்பாவில விழுந்தப்புறம்தான் புதுக் கவரைக் கிழிக்கணும். நான் லைன்லயே இருப்பேன்," என்றாள்.

அவள் தலையாட்டினாள். நன்றி என்ற சொல் தொண்டைவரை வந்து, சின்னதாய்த் தோன்றித் திரும்பிப் போய்விட்டது. இவ்வளவுக்குப் பிறகும் அவர் உடம்பை இவள் கையிலேயே விட்டுப் போகிறாள் அந்த நர்ஸ் பெண். அதற்கு எந்தச் சொல் போதும்? வாசல்வரை போய், நர்ஸின் செருப்பைத் திருப்பி வைத்தாள்.

திரும்பி வந்தபோது மகள் கையை நீட்டினாள். "சரிம்மா, அப்பா இங்கேயே இருக்கட்டும். அந்தப் பேட்ச் பெட்டியை மட்டும் எங்கிட்ட குடு. நானே வந்து மாத்துறேன். உனக்கு வேண்டாம் இந்தப் பயம்."

அவள் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அடுத்து மாற்ற வேண்டிய தேதியை மூடியில் எழுதினாள்.

"பயம் இருக்கட்டும்மா," என்றாள் மெதுவாக. "பெட்டியும் எங்கிட்டயே இருக்கட்டும்."