பிணம் பார்க்காத கண்ணாடி

மூக்குப்பொடி டப்பாவின் அடித்தகட்டை வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு, சென்றாயன் அதற்குள் பூதக்கண்ணாடியை மெதுவாக இறக்கினான். அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்துகொண்டது. கூடவே அவனுக்கு நாலைந்து தும்மலும் வந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்தும் பொடியின் காரம் டப்பாவை விட்டுப் போவதாக இல்லை. ஏழு மாத வயிற்றோடு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அவன் மனைவி சாலம்மாள், "இன்னும் ஒருக்கா தும்முங்க, கண்ணாடி காரிமங்கலம் சந்தைக்கே திரும்பிப் போயிரும்" என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள்.

அந்த வட்டாரத்தில் படம் பிடிக்கத் தெரிந்தவன் சென்றாயன் ஒருவன்தான். ஆனால் உயிரோடு இருப்பவர்கள் யாரும் அவனைக் கூப்பிடுவதில்லை. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று பயம். மூச்சு நின்றபிறகு குறைவதற்கு என்ன இருக்கிறது? அப்போது ஆள் அனுப்புவார்கள். பிணத்தைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, சரிந்துவிடாமல் நாற்காலியோடு சேர்த்துக் கட்டி உட்கார வைத்திருப்பார்கள். சுற்றிலும் குடும்பம் நிற்கும். படப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் தெருவில் நடந்தால் "யாரு வூட்டுல?" என்றுதான் கேட்பார்களே தவிர, சௌக்கியமா என்று ஒருவரும் கேட்டதில்லை. அழுகிறவர்கள் எப்படியும் அசைந்துவிடுவார்கள். நடுவில் இருப்பவரின் முகம் மட்டும் எந்தப் படத்திலும் பிசகாமல் விழும்.

போன வருஷம் இண்டூரில் சாலம்மாளின் அக்கா கண்ணம்மாள் பிரசவத்தில் போய்விட்டாள். அவளையும் அவன்தான் எடுத்தான். அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே சாடை. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டவனுக்கு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வர வெகுநேரம் பிடித்தது. கண்ணம்மாளுக்கென்று இந்த உலகத்தில் இருக்கிற ஒரே படம் அதுதான். சாலம்மாள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து அவனுக்கு ஒரே பயம். இவள் நடமாடிக்கொண்டிருக்கும்போதே ஒரு படம் எடுத்துவிட வேண்டும். அதை அவளிடம் எந்த வாயால் சொல்வது? சும்மா ஆசைக்கு என்று சொல்லித்தான் கேட்டான்.

"அது எங்கக்காவப் பாத்த கண்ணாடி. எத்தினி பொணத்தப் பாத்திருக்கும்! அது எம்மேலயும் படக்கூடாது, வயித்துல இருக்கறது மேலயும் படக்கூடாது."

"அப்ப பெட்டி?"

"பெட்டிக்கு ஏதுங்க கண்ணு?"

அந்த வாரச் சந்தையில் பழைய சாமான் விற்பவனிடம் பூதக்கண்ணாடி கிடைத்தது இப்படித்தான். யுத்தத்தினால் படம் பிடிக்கும் கண்ணாடித் தகடுகள் வருவது நின்றுபோய், சென்றாயனிடம் ஒரு அட்டைப்பெட்டியில் கொஞ்சம் மிச்சமிருந்தன. வீணாக்க மனமில்லைதான். ஆனாலும் சோதிக்காமல் அவள் படத்தைக் கெடுத்துக்கொள்ள முடியுமா? பழைய கண்ணாடியைக் கழற்றிவிட்டு டப்பாவைப் படப்பெட்டியில் மாட்டி, முதலில் தண்ணீர்ச் செம்பை எடுத்தான். பெட்டியின் பின்பக்கத்துப் பால்கண்ணாடியில் செம்பு துல்லியமாகத் தெரிந்தது. தகட்டைக் கழுவினால் பனிமூட்டத்தில் வைத்ததுபோல மங்கிக் கிடந்தது. மறுநாள் முன்னால் உழக்கு, நடுவில் செம்பு, பின்னால் முறம் என்று வரிசையாக வைத்து, செம்பைக் குறி பார்த்து எடுத்தான். உழக்கு தெளிவாக விழுந்திருந்தது. கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிற இடம் ஒன்று, தகட்டில் தெளிவாக விழுகிற இடம் இன்னொன்று. குறி பார்த்தபிறகு டப்பாவை ஒரு நூல் உள்ளே தள்ள வேண்டும் என்று அப்போதுதான் பிடிபட்டது.

இதற்குள் சாலம்மாளுக்கும் அந்தப் பைத்தியம் தொற்றிக்கொண்டது. ஒருநாள் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தவள், "செம்பு தலகீழா நிக்குது, தண்ணி கொட்டலயே!" என்று கத்தினாள். பிறகு அவளே களி கிண்டும் துடுப்பையும் அரிவாள்மணையையும் கொண்டுவந்து வைத்தாள். செம்பைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினாள். படத்தின் ஓரம் கலங்காமலிருக்க, தகடுகளைச் சுற்றி வந்த கறுப்புத் தாளில் ஊசித் துவாரத்தைவிடச் சற்றுப் பெரிதாக ஓட்டை போட்டு டப்பாவின் வாயில் ஒட்டினான். வெளிச்சம் குறைந்ததால் மூடியைத் திறந்து வைத்து, நிதானமாக எண்ணியபிறகே மூட வேண்டியிருந்தது. செம்புக்கு என்ன அவசரம்? முறத்தின் பின்னல் ஒவ்வொன்றும் எண்ணுகிறமாதிரி விழுந்தது.

கடைசித் தகடு மிஞ்சியபோது அவளே முக்காலியை வாசல் வெயிலில் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தாள்.

"எடுங்க. செம்புக்கும் முறத்துக்குமா இத்தினி பாடு? நீங்க என்னாத்துக்குப் பயந்துக்கிட்டு எடுக்கறீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

அவன் குறி பார்த்து, டப்பாவை ஒரு நூல் உள்ளே தள்ளி, தகட்டைச் செருகினான். "ஆடாத ஒக்காரு புள்ள. மூச்சக்கூட மெதுவா வுடு" என்று மட்டும் சொல்லி மூடியைத் திறந்தான்.

பாதி எண்ணுவதற்குள் வயிற்றில் உதை விழுந்தது. சாலம்மாள் "ஆ" என்று குனிந்து பார்த்து, சிரித்து, நினைவு வந்து மறுபடி நிமிர்ந்தாள். எண்ணுவதை நிறுத்தத் தோன்றாமல் அவன் கடைசிவரை எண்ணினான். அசையாதவர்களையே எடுத்துப் பழகிய கை அது.

கழுவி, வெயிலில் காகிதத்தில் எடுத்துப் பார்த்தான். முக்காலி தெளிவாக இருந்தது. கால்விரல் மெட்டிகூடத் தெளிவு. முகம் மட்டும் இரண்டாகக் கலைந்து, எது கண் எது சிரிப்பு என்று தெரியாமல் கிடந்தது.

"கெட்டுப்போச்சு, சாலா. இனி தகடும் இல்ல."

அவள் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "எங்கக்கா படத்துல எல்லாரும் அசைஞ்சிருந்தாங்க, அவ மட்டுந்தான அசையல?"

"ஆமா."

"இதுல நான் அசைஞ்சிருக்கேன்ல? அப்ப நல்ல படங்க இது. கெட்டுப்போச்சுன்னு சொல்லாதீங்க."

செம்பு, முறம், துடுப்பு என்று சுவரில் ஒட்டியிருந்த படங்களுக்கு நடுவில் அதையும் களியால் ஒட்டினாள். அவை எல்லாம் அச்சடித்ததுபோல நின்றன. சென்றாயன் கிட்டே போய்ப் பார்த்தான். மடியில் கிடந்த இடதுகை வளையல் ஒவ்வொன்றும் தெளிவாக இருந்தது. வயிற்றின்மேல் வைத்திருந்த வலதுகையின் விரல்நுனிகளில் மட்டும் ஒரு சிறு கலங்கல், உள்ளேயிருந்து யாரோ தட்டித் தூக்கிய இடத்தில்.