ஏசி ஃபில்டரை நானே மாற்றினேன்

கணக்கு அக்கா ஒரு தும்மலோடு நிறுத்துகிறவர் இல்லை. முதல் தும்மல் வெறும் முன்னறிவிப்பு. உடனே கைப்பையைத் திறந்து கைக்குட்டையைத் தேடுவார். அது கிடைப்பதற்குள் மீதி எல்லாம் வந்து முடிந்துவிடும். பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும் ஸ்டோர் சார் கண்ணைத் திறக்காமலே எண்ணுவார்.

"நூறாயுசு... இருநூறு... முந்நூறு..."

"எங்க சார் முந்நூறு. இந்த மாசமே இந்த வண்டியிலயே போயிடுவேன் போலிருக்கு."

இந்த வண்டி என்பது என்னுடையது. நான் வாங்கும்போதே அது வேறு ஒருவரிடம் தன் இளமையைக் கழித்து முடித்திருந்தது. நாங்கள் மூவரும் ஒரு குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறோம். அக்கா கணக்குப் பிரிவு. சார் ஸ்டோருக்குப் பொறுப்பு. நான் கிருமிப் பிரிவு, அதாவது தண்ணீரில் என்னென்ன வளர்கிறது என்று பார்ப்பவள். ஒரே பக்கத்தில் வீடு இருப்பதால் காலையும் மாலையும் என் காரில் சேர்ந்து போய் வருகிறோம்.

இதில் எனக்கு ஒரு சுயநலம் உண்டு. நான் பேசமாட்டேன். பேசக்கூடாது என்று கொள்கை எதுவும் இல்லை. சொல்லவேண்டியதை மனதுக்குள் சரிபார்த்து முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார். சாப்பாட்டு மேசையில் இப்படி உட்கார்ந்திருந்தால் அதற்குப் பெயர் திமிர். வண்டி ஓட்டும்போது இப்படி இருந்தால் அதற்குப் பெயர் பொறுப்பு. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டால் போதும், என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அக்கா பேசுவார், சார் தூக்கத்திலேயே "உம்" கொட்டுவார், நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு கியர் மாற்றுவேன். மனிதர்களோடு இருக்க எனக்குக் கிடைத்த ஒரே நல்ல வழி இதுதான்.

வெள்ளிக்கிழமை மாலை அக்கா அதில் கை வைத்தார்.

"தப்பா நினைக்காதேம்மா. உன் ஏசியைப் போட்டாலே எனக்கு மூக்கு பிடுங்கிக்குது. ஈரத்துணி நாத்தம் வேற. நிர்வாகத்துல இருக்காளே, அவ வண்டியில ஒரு இடம் காலியா இருக்காம். நான் அதுக்கு மாறிக்கலாம்னு பார்க்கறேன்."

ஸ்டோர் சார் கண்ணைத் திறந்தார். "அப்ப நானும் பஸ்ஸுக்குப் போயிடறேன்."

"நீங்க ஏன் சார்? உங்களுக்குத்தான் தும்மல் இல்லையே."

"நீங்க பேசலைன்னா எனக்குத் தூக்கம் வராதும்மா. இவங்க பேசவே மாட்டாங்க. ரெண்டு பேரும் சத்தம் போடாம போனா, பின்னாடி வர்றவன் துக்க வீட்டு வண்டின்னு நினைச்சு ஒதுங்குவான்."

அப்போதுதான் அது நடந்தது. சரிபார்க்காமலே என் வாயிலிருந்து ஒரு வாக்கியம் வந்துவிட்டது.

"ஏசி ஃபில்டர் அடைச்சிருக்கும் அக்கா. ஞாயித்துக்கிழமை நானே மாத்திடறேன்."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார்.

"இவங்களுக்குக் குரல் இருக்கு" என்றார் ஸ்டோர் சார்.

"நீயேவா?" என்றார் அக்கா. "சரி, படிச்ச பொண்ணு. திங்கட்கிழமை ஒரு நாள் வந்து பார்க்கறேன். அன்னைக்கும் தும்மினா நான் மாறிடுவேன். கோவிச்சுக்கக் கூடாது."

நானே என்று ஏன் சொன்னேன்? ஆய்வுக்கூடத்தில் காற்றை வடிகட்டும் கண்ணாடிக் கூண்டு ஒன்று இருக்கிறது. அதன் பராமரிப்பு என் பொறுப்பு. அந்தப் பெருமை தலைக்கேறியிருக்கலாம். உண்மையான காரணத்தை அம்மாதான் வெளியே எடுத்தார்.

"மெக்கானிக்கிட்ட விட்டா என்ன?" என்று ஞாயிற்றுக்கிழமை காலை கேட்டார்.

"வேற ஏதாவது பிரச்சினை இருக்கான்னு கேட்பாரும்மா."

"கேட்டா?"

"பதில் சொல்லணும்."

"கார் ஓட்டற அளவுக்கு வளர்த்துட்டேன். இதையும் நான்தான் வளர்த்தேனான்னு சந்தேகமா இருக்கு" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனார்.

இணையத்தில் ஒருவர் ஒரு கையில் போனைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டே இன்னொரு கையால் ஃபில்டரை மாற்றிவிட்டார். எனக்கு இரண்டு கையும் இருந்தன. நம்பிக்கை வந்தது. முகக்கவசம், கையுறை, தலைக்கு வலைத் தொப்பி எல்லாம் மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனேன். வாளியும் துடைக்கும் துணியும் வரிசையாக வைத்தேன்.

அம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "வண்டிக்கு எப்போ பிரசவம்?"

நான் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டேன். அறுவை சிகிச்சையின்போது பேசக்கூடாது.

முன் சீட்டுக்கு எதிரே இருக்கும் பெட்டியைக் கழற்றினால்தான் ஃபில்டருக்குப் போகமுடியும். முதலில் அதைக் காலி செய்தேன். மை காய்ந்த பேனாக்கள், ஒற்றைத் தோடு, உருகி மறுபடி உறைந்து வடிவம் மாறிய மிட்டாய், யாருடையது என்று தெரியாத மூக்குக் கண்ணாடி. பிறகு பெட்டியின் இரண்டு பக்கத்தையும் உள்நோக்கி அழுத்தினால் அது தானாகக் கீழே சரியும் என்று இணையத்து மனிதர் சொல்லியிருந்தார். அழுத்தினேன். சரியவில்லை. இன்னும் அழுத்தினேன். எங்கோ 'டக்' என்றது. உடைந்ததா, கழன்றதா என்று தெரியாமல் கையை எடுத்ததும் பெட்டி என் முழங்காலில் வந்து விழுந்தது. கழன்றதாகவே வைத்துக்கொண்டேன்.

பழைய ஃபில்டரைப் பார்த்ததும் கணக்கு அக்காவின் மூக்கு மேல் எனக்கு மரியாதை வந்தது. மடிப்பு மடிப்பாக வெள்ளையாக இருந்திருக்கவேண்டிய காகிதம் சாம்பல் நிறத்தில் இருந்தது. மடிப்புக்குள் சருகு, பூச்சி இறகு, ஏதோ விதைகள். ஈரம் பட்ட மூலையில் கரும்புள்ளிகளாகப் பூஞ்சணம். அதைக் கவரில் போட்டு, மேலே தேதி எழுதி ஒட்டினேன். ஒட்டிய பிறகுதான் எதற்கு என்று யோசித்தேன்.

இனி புது ஃபில்டர். எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. கிருமி நீக்கப்பட்டு வரும் எதையும் வைக்கவேண்டிய இடத்துக்குக் கொண்டுபோகும்வரை உறையைப் பிரிக்கக் கூடாது. கைபட்டால் கெட்டது. சேர்ந்த முதல் வாரத்திலேயே இதை மண்டையில் ஏற்றிவிடுவார்கள். என் கையுறையிலோ பழைய ஃபில்டரின் அழுக்கு முழுவதும் இருந்தது. அதனால் புதியதை அதன் கண்ணாடித்தாள் உறையோடு ஃபில்டர் துளையின் வாய்வரை கொண்டுபோய், கடைசி நொடியில் பிரித்து உள்ளே தள்ளுவதாகத் திட்டம்.

கடைசி நொடியில் ஓர் அம்புக்குறியைப் பார்த்தேன்.

ஃபில்டரின் ஓரத்தில் காற்று போகும் திசையைக் காட்டும் அம்பு இருந்தது. அது மேலே பார்க்கவேண்டுமா, கீழேயா? தலைகீழாக வைத்தால் வடிகட்டும் திறன் குறையும். தரையில் குந்தி உட்கார்ந்து, காற்று எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று விரலால் காற்றிலேயே படம் வரைந்தேன். கீழே என்று முடிவானது. வைத்துப் பார்த்தேன். வெளியே எடுத்து மறுபடி யோசித்தேன். கீழேதான். மறுபடி வைத்தேன். கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. புதியது என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அமுக்கித் தள்ளி ஃபில்டர் துளையின் மூடியைப் போட்டேன். பெட்டியை மாட்டினேன். திசை சரியாக இருந்த பெருமிதத்தில் எழுந்து நின்றேன்.

ஏசியைச் சின்ன வேகத்தில் போட்டு முகர்ந்து பார்த்தேன். நாற்றம் துளிகூட இல்லை. பூ வாசனையும் இல்லை, தூசி வாசனையும் இல்லை. ஒன்றுமே இல்லை. இவ்வளவு சுத்தமான காற்றை நான் சுவாசித்ததே இல்லை என்று அம்மாவிடம் சொன்னேன்.

மூவருக்கும் பொதுவான வாட்ஸாப் குழுவில் நான் அதுவரை கட்டைவிரல் படம் மட்டுமே போட்டிருக்கிறேன். அன்று "மாற்றியாச்சு" என்று எழுதினேன். சரிபார்த்து அனுப்ப நேரம் பிடித்தது. கடைசியில் ஓர் ஆச்சரியக்குறியும் சேர்த்தேன்.

திங்கட்கிழமை காலையில் நல்ல மழை. ஜன்னல்களை ஏற்றிவிட்டுக் கிளம்பினோம். அக்கா கைக்குட்டையை முன்கூட்டியே மடியில் விரித்து வைத்திருந்தார். முதல் சிக்னல்வரை ஒன்றும் வரவில்லை. மேம்பாலம் ஏறினோம். அங்கும் தும்மல் இல்லை.

"பரவாயில்லையே!" என்றார் அக்கா. "கைராசிக்காரிதான் நீ."

நான் சாலையைப் பார்த்துக்கொண்டே முகம் சிவந்தேன். அந்தச் சாலைதான் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்துகொண்டிருந்தது. கண்ணாடி முழுவதும் ஆவி. துடைத்தேன், மறுபடி படிந்தது. ஏசியின் வேகத்தைக் கூட்டினேன். சத்தம் கூடியது.

"சார், உங்களுக்குப் புழுங்குதா?" என்றார் அக்கா.

"புழுங்கறதா? இட்லி மாவு வச்சிருந்தா வெந்திருக்கும் இந்நேரம்." ஸ்டோர் சார் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். "டிரைவர் மேடம், கொஞ்சம் காத்து விடுங்களேன்."

வேகத்தைக் கடைசிவரை திருகினேன். விமானம் கிளம்புகிற சத்தம். அக்கா கைக்குட்டையைக் காற்று வரும் துளைக்கு முன்னால் பிடித்தார். அது ஆடவே இல்லை.

எதிரில் வந்த லாரியின் விளக்கு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. பயந்துபோய் வண்டியை ஓரம் கட்டினேன்.

மின்விசிறி சுற்றுகிறது. காற்று வரவில்லை. அப்படியானால் இரண்டுக்கும் நடுவில் ஏதோ அடைக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஞாயிற்றுக்கிழமை நான் செய்த காரியம் மட்டுமே. அந்த இறுக்கம் கையில் ஞாபகம் வந்தது. கண்ணாடித்தாளைப் பிரித்தது ஞாபகம் வரவில்லை. யோசித்து யோசித்துப் பார்த்தேன், வரவில்லை.

"ஃபேன் கெட்டுப்போச்சு போலிருக்கு" என்று ஒரு வாக்கியம் உடனே தயாரானது. சின்னது, சரியானது, யாருக்கும் சந்தேகம் வராது. இறங்கி ஆட்டோ பிடித்துப் போய்விடுவார்கள். நாளையிலிருந்து அக்கா அந்த வண்டியில், சார் பஸ்ஸில், நான் தனியாக, மிகவும் பொறுப்பாக.

"அக்கா, கொஞ்சம் காலைத் தள்ளிக்கங்க" என்றேன். "அந்தப் பெட்டியைக் கழட்டணும்."

"இப்பவா? என் மடி மேலயா?"

உள்ளே இருந்ததை எல்லாம் எடுத்துப் பின்னால் நீட்டினேன். ஸ்டோர் சார் ஒவ்வொன்றாக வாங்கி, வந்த சாமானைச் சரிபார்க்கிற மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒத்தைத் தோடு ஒண்ணு. மிட்டாய்னு நினைக்கறேன், ஒண்ணு." பெட்டி இந்த முறை அக்காவின் முழங்காலில் விழுந்தது. மூடியைத் திறந்து இழுத்தேன்.

பளபளவென்று வெளியே வந்தது. நாலு பக்கமும் ஒட்டிய கண்ணாடித்தாள், நடுவில் விலைச்சீட்டுகூட அப்படியே.

மூவரும் அதைப் பார்த்தோம். மழை கூரையில் அடித்துக்கொண்டிருந்தது.

"பிரிக்கலைன்னா திருப்பி எடுத்துக்குவாங்க" என்றார் ஸ்டோர் சார்.

"உறையைப் பிரிக்கக் கூடாது அக்கா" என்று நான் ஆரம்பித்தேன். "அதாவது கடைசியில பிரிக்கணும். கையில அழுக்கு. லேப்ல அப்படித்தான் பழக்கம். பிரிக்கத்தான் போனேன், அப்ப அம்பைப் பார்த்துட்டேன். மேலயா கீழயான்னு தரையில உட்கார்ந்து யோசிச்சேன். கீழதான். அது கரெக்ட்டாத்தான் வச்சிருக்கேன், பாருங்க, அம்பு கீழதான் பார்க்குது. அந்த சந்தோஷத்துல மூடிட்டேன். நாத்தம் வரலையேன்னு அம்மாகிட்ட பெருமை வேற பேசினேன். காத்தே வரலை, நாத்தம் எங்கேர்ந்து வரும்!"

அக்காவின் தோள் குலுங்கியது. முதலில் தும்மல் என்று நினைத்து ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டேன். சிரிப்பு. கைக்குட்டை நனையும்வரை சிரித்தார்.

"அடிப்பாவி! மூக்குக்கு வைத்தியம் கேட்டா மூச்சையே நிறுத்திட்டியே!"

"ஆனா தும்மல் நின்னுச்சும்மா" என்றார் சார். "வைத்தியம் பலிச்சதுன்னு ஒத்துக்கணும்."

அக்கா ஃபில்டரைப் பிடித்துக்கொள்ள, நான் கண்ணாடித்தாளைக் கிழித்தேன். கையுறை இல்லை. நாலு பக்கமும் கைபட்டது. உள்ளே தள்ளினேன். தானாக வழுக்கிக்கொண்டு போனது. பெட்டியை மாட்டி ஏசியைப் போட்டதும் குளிர்ந்த காற்று அக்காவின் முகத்தில் அடித்து முன்முடியைத் தூக்கியது. கண்ணாடியில் சாலை திரும்ப வந்தது.

வண்டியைக் கிளப்பினேன். மூவரும் அக்காவின் மூக்குக்காகத்தான் காத்திருக்கிறோம் என்று மூவருக்குமே தெரியும்.

அடுத்த திருப்பத்தில் வந்தது. முழுத் தும்மல்.

"நூறாயுசு" என்று சார் மெதுவாகச் சொன்னார்.

நான் முன்னால் போகிற பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வரவில்லை. அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

"இது மழைக்கு வந்தது. இதை உன் தலையில போடமாட்டேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, போனில் பேசினார்: "ஆமாம்மா, நான்தான். நாளைக்கு எனக்காக நிக்காதே. நான் இதுலயே வரேன்... தும்மலா? வந்துச்சு. இருந்தா என்ன... காரணம் சொன்னா நீ வண்டியை நிறுத்திட்டுச் சிரிக்கணும். அப்புறம் சொல்றேன்."

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"அது என்ன, தரையில உட்கார்ந்து யோசிச்சியா? நேத்து காலையிலேர்ந்து சொல்லு. ஒண்ணு விடாம."

"வண்டி ஓட்டறேன் அக்கா."

"ஓட்டு. வாய்க்கு என்ன கியரா இருக்கு?"

பின் சீட்டில் சார் நிமிர்ந்து உட்காருவது கண்ணாடியில் தெரிந்தது. தப்பிக்க வழி இல்லை. மெக்கானிக்கைப் பற்றி அம்மா கேட்டதிலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் சரிபார்த்துச் சரிபார்த்து வெளியே விட்டதில், ஆய்வுக்கூடத்தின் வாசல் வந்தபோது கதையில் நான் இன்னும் காரின் கதவைக்கூடத் திறந்திருக்கவில்லை.

"மீதியை சாயங்காலம் சொல்லு" என்று அக்கா குடையை விரித்துக்கொண்டு இறங்கினார். "சார், நீங்களும் வந்துடுங்க."