பூட்டிய கேட்டுக்குள் ஒரு தீபாவளி

நாச்சியப்பன், மலேசியாவில் செனாய் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு மேலாளர். அதாவது, பிறர் செய்யும் தவறைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவர். தன் தவறு மட்டும் கண்ணில் படாது. அதற்குத் தனிச் சம்பளம் கிடையாதே.

காரைக்குடியிலிருந்து செனாயை அடுத்த கூலாய்க்குக் குடிவந்து சில மாதங்களில் தீபாவளி வந்தது. அதுவரை அவர் மனைவி மீனாள் வாய்விட்டுப் பேசியதெல்லாம் காய்கறிக் கடைக்காரரிடம் மட்டும்தான்.

"தீபாவளிக்காவது யாராவது நம்ம வீட்டுப் படி ஏறட்டும். இல்லேன்னா நான் ஊருக்கு டிக்கெட் போட்டுடுவேன். நீங்க கடையில ரொட்டி சானாய் தின்னுக்கிட்டு இருங்க" என்று சொல்லியிருந்தாள். சிரித்துக்கொண்டே சொன்னதால்தான் அவருக்குப் பயம்.

தெருவில் இருந்த தமிழ் வீடுகளுக்கெல்லாம் போய் அழைத்தார். "வருவோம் லா" என்றார்கள், அந்த ஊர் வழக்கில். எத்தனை மணிக்கு என்று கேட்டபோது மட்டும் ஏனோ சிரித்தார்கள்.

அவராகவே மதியம் ஒரு மணி என்று தீர்மானித்தார். மேசையில் இலை போட்டாயிற்று. கோழிக்குழம்பு, கவுனி அரிசி, பணியாரம் எல்லாம் தயார். இரண்டு மணி ஆகியும் ஆளைக் காணோம். திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார். புதுத்துணி போட்ட ஒரு குடும்பம் அவர் வீட்டு வாசலில் நின்றது, எட்டிப் பார்த்தது, அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது.

மீனாள் இலைகளை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினாள். அது அவருக்குத் தாங்கவில்லை. வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வெளியே ஓடினார்.

எதிர்வீட்டுப் புஷ்பவள்ளி கேட்டுக்கு வெளியே நின்றாள். "என்னண்ணே, ஊர்ல இல்லைன்னுல்ல நெனச்சோம்!"

"காலையிலேருந்து உள்ளதான் உக்காந்திருக்கோம்மா!"

"அப்புறம் கேட்ல பூட்டு எதுக்கு? தீபாவளி அன்னிக்குக் கேட் திறந்திருந்தாத்தான் உள்ள வருவாங்க. எப்ப வேணாலும் வருவாங்க. ரெண்டு தடவ வந்து திரும்பிட்டேன்!"

"திருட்டு ஜாஸ்தின்னு ஆபீஸ்ல சொன்னாங்க..."

"அலமாக், இது என்ன கூத்து! திருடனுக்குப் பயந்து எங்களையா வெளிய நிறுத்தினீங்க?"

சாவியைத் தேடி எடுத்துத் திறந்ததும் தெருவே உள்ளே வந்தது. எல்லோரும் ஏற்கெனவே பல வீடுகளில் சாப்பிட்டவர்கள். புஷ்பவள்ளியின் கணவர் திருச்செல்வம் கும்பிட்டார். "அக்கா, வயிறு ஃபுல்லா இருக்கு. ஒரு முறுக்கு போதும்."

"முறுக்குக் கடிக்கவா எங்க வீட்டுக்கு வந்தீங்க? உக்காருங்கண்ணே."

அவர் இலையைக் கையால் மறைத்தார். ஆவி பறக்கும் குழம்புக் கரண்டியோடு மீனாள் நின்றாள். "கைய எடுங்க, குழம்பு சுடும்." எடுத்துவிட்டார்.

சாப்பிட்டு எழ முடியாமல் சாய்ந்த திருச்செல்வம் நாச்சியப்பனைப் பார்த்தார். "பாஸ், தினமும் இப்படித்தானா?"

"கை வெச்சுத் தடுக்கிற தைரியம் எனக்கு இன்னும் வரலை."

புஷ்பவள்ளி மீனாளின் கையைப் பிடித்தாள். "கிளம்பு, அடுத்து என் சிநேகிதி பிரேமலா வீடு."

மீனாள் கணவனைப் பார்த்தாள்; அனுமதிக்காக அல்ல, பாத்திரங்களுக்காக. "நீங்க இருங்க. யாராவது வந்தா வெறும் வயித்தோட அனுப்பாதீங்க." மீனாளை ஏற்றிக்கொண்டு புஷ்பவள்ளியின் கார் கிளம்பிவிட்டது.

அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது வாசலில் முன்பின் தெரியாத ஒரு தம்பதி.

"மீனாளக்கா வீடு இதுதானே? பிரேமலா வீட்ல பாத்தோம். பணியாரம் இருக்குன்னு அனுப்பி வெச்சாங்க. நீங்க யாருங்க?"

"நான்... அவங்க வீட்டுக்காரர். வாங்க, வாங்க."

"ஓ, அப்படியா! பொங்கலுக்கு எங்க வீட்டுக்கு வரேன்னு அக்கா சொல்லிட்டாங்க" என்றாள் அந்தப் பெண், செருப்பைக் கழற்றியபடி. "நீங்களும் வாங்க லா, பரவாயில்ல."