லாய்-சுன் விளக்கு

மதில் சூழ்ந்த ஹோ லிங் கிராமத்தில் போன வருடம் ஓர் ஆண் பிள்ளைகூடப் பிறக்கவில்லை. மகன் பிறந்த வீட்டார் புத்தாண்டு முதல் மாதத்தில் முன்னோர் கூடத்து உத்தரத்தில் காகித விளக்கைக் கயிற்றால் ஏற்றித் தொங்கவிட்டால்தான் அந்தப் பிள்ளை ஊரின் சோய் குலத்தில் சேர்ந்ததாக அர்த்தம். இந்த வருடம் உத்தரம் மொட்டையாகக் கிடந்தது. அது போதாதென்று, விருந்துக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிழக்குக் கோட்டைக்காரர்கள் வருகிறார்கள். அவர்கள் வாய் சும்மா இருக்குமா?

ஊர்த்தலைவர் கம்-ஷிங்குக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் மருமகள் பிக்-யூக்கிடம் வந்து நின்றார்.

"ஏம்மா, ஊர் நன்மைக்குன்னு ஒரு விளக்கு ஏத்திடலாம்னு பாக்குறேன். பேரு எதுவும் போடாம."

"போன வருஷம் ஊர்ல பொறந்த ஒரே குழந்தை நம்ம வீட்டுத் தொட்டில்ல கிடக்கு மாமா. அவ பேரைப் போடுங்க."

"அது பொண்ணாச்சே."

"நான் என்ன பூனைக்குட்டின்னா சொன்னேன்?"

அவர் விருட்டென்று திரும்பிப் போய், பேர் போடாத விளக்குக்கே ஏற்பாடு செய்தார். பிக்-யூக் விடவில்லை. மினி பஸ் ஓட்டுகிறவள் அவள், மலைப்பாதையில் எதிரே லாரி வந்தாலும் பின்வாங்கிப் பழக்கமில்லை. மகள் லாய்-சுன்னின் பெயரைச் சிவப்புத் தாளில் தானே எழுதினாள். ஏறிய விளக்கை விழா முடியும் முன் இறக்கினால் அந்தப் பிள்ளைக்கு ஆகாது என்பதில் மதிலுக்குள் இரண்டு பேச்சு கிடையாது. அதை நம்பித்தான் அவள் துணிந்தாள்.

விழாவன்று கூடம் நிரம்பி வழிந்தது. வாத்தும் பன்றிக்கறியும் இறாலும் அடுக்கிய பெரிய பெரிய சட்டிகள் வாசலில் ஆவி பறக்கக் காத்திருந்தன. கம்-ஷிங் விளக்கைப் பொருத்திவிட்டு, கண்ணை மூடி முன்னோர்களை வணங்கினார். அந்த நேரத்தில் பிக்-யூக் போய் விளக்கில் தாளை ஒட்டினாள். பார்த்த பெண்கள் வாயைத் திறக்கவில்லை.

அவர் கயிற்றை இழுத்தார். மேலே போன விளக்கு மெல்லத் திரும்பியது. சோய் லாய்-சுன். அதைப் படித்ததும் கிழவருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. கயிறு இன்னும் அவர் கையில்தான் இருந்தது. கிழவர் பிடிவாதக்காரர், கோபத்தில் இறக்கிவிட்டால் குழந்தைக்கு என்ன ஆகும் என்று அப்போதுதான் பிக்-யூக்குக்குப் பயம் வந்தது.

கிழக்குக் கோட்டைத் தலைவர் இளித்தார். "என்னப்பா கம்-ஷிங், பொண்ணு பேரு தொங்குது? உங்க ஊர்ல ஆம்பளைக்கு அவ்வளவு பஞ்சமா?"

கம்-ஷிங் கயிற்றைத் தூணில் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டார்.

"என் பேத்திப்பா அது. சோய் வீட்டு ரத்தம். கண்ணு நல்லா தெரியுதுன்னா பேரை இன்னொரு தடவை படிச்சுக்க."

பிக்-யூக்குக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தக் கிழவரை நினைத்து அவளுக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

வந்தவர் விடுவதாக இல்லை. "சரி, அடுத்த வருஷம் பையன் பொறந்தா என்ன செய்வே?"

"அவனுக்கும் ஏத்துவோம்," என்றார் கம்-ஷிங். "ஒரு சாண் கீழே. இவ மூத்தவ இல்ல?"