பொன்னையாவின் கொக்கு

செத்தவீட்டு முற்றத்தில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, வீரகத்தி கையால் பெடலைச் சுற்றினார். டைனமோவிலிருந்து போன வயர் சுமித்திராவின் கையிலிருந்த சின்ன வீடியோ விளையாட்டுப் பெட்டியில் முடிந்தது. அவளுடைய தகப்பன் பொன்னையா முந்திச் சவூதியிலிருந்து கொண்டுவந்தது. வன்னிக்குள் ஆமி பற்றரி வரவிடாமல் மறித்த நாளிலிருந்து சும்மா கிடந்தது.

பொன்னையா நித்திரையிலேயே போய்விட்டான். குறை சொல்ல முடியாத சாவு. ஐயர் வந்ததும் சவப்பெட்டியில் அவனோடு இதையும் வைக்க வேண்டும். அதற்கு முன் ஒரு சங்கதி தீரவேண்டியிருந்தது.

அந்த விளையாட்டில் கொக்கு ஒரு மீனையும் தவறவிடாமல் பிடித்தால் கடைசியில் நிலவு எழும்பும் என்று பொன்னையா சாகுமட்டும் சொன்னான். தமையன் வீரகத்தி பரந்தன் சந்தியில் நாலுபேர் கேட்க, "சுத்தப் பொய்யன்" என்றார். பொன்னையா சிரித்தானே தவிர சத்தியம் பண்ணவில்லை.

"வவுனியாவில இப்ப இதே விளையாட்டு ரீவியில, கலரில வந்திருக்கு மாமா," என்றான் தங்கச்சி மகன் சதீஸ். ஆமியிடம் பாஸ் எடுத்துக் காலையில் வந்து இறங்கினவன். "கொக்குப் பாட்டெல்லாம் படிக்கும். நான் கடைசிமட்டும் போனனான். நிலவும் இல்லை, ஒண்டும் இல்லை."

"கதையை விட்டிட்டு விளையாடு," என்றார் வீரகத்தி. சுமித்திரா பெட்டியைச் சதீசிடம் நீட்டினாள்.

கறுப்புக் கொக்கு, கறுப்பு மீன். சதீஸ் சிரித்து முடிக்கமுன் மீன்கள் தண்ணீருக்குள் போய்விட்டன. ஆட்டம் முடிந்தது.

"இதென்ன, கண் சிமிட்டவும் விடுதில்லை! புதுசில விழுந்தா எழும்பலாம்."

"உனக்கு எழுப்பிவிட ஆள் வேணும்."

பந்தலுக்குள் சிரிப்பு எழுந்தது. ஒப்பாரி வைத்த பெண்களும் எட்டிப் பார்த்தார்கள். சதீஸ் விடவில்லை, திரும்பத் திரும்ப விளையாடினான், திரும்பத் திரும்பத் தோற்றான்.

"தாங்கோ மச்சான்." சுமித்திரா வாங்கினாள். சின்ன வயதில் தகப்பனின் மடியிலிருந்து பழகின விரல்கள். பெடல் சுற்றிய வீரகத்திக்குத் தோள் கடுத்தது. படலையில் ஐயரின் சைக்கிள் மணி கேட்டது.

"சுத்துறதை விடாதேங்கோ பெரியப்பா!"

கொக்கு கடைசி மீனையும் பிடித்தது. அவளுடைய தோளுக்கு மேலால் குனிந்து பார்த்த சதீசின் வாய் திறந்தபடி நின்றது.

"நிலவு, பெரியப்பா! எங்கட ஐயா சொன்ன மாதிரியே."

கடையில் நிறுத்த அரிசியை வீட்டில் திரும்ப நிறுக்கிற மனிதர் வீரகத்தி. எழும்பிப் போய்ப் பார்க்கலாம். ஆனால் பெடலை விட்டால் நிலவும் போய்விடும்.

"முழுசோ, பிறையோ?"

"முழுசு. கொக்குக்கு நேர மேல."

"ம்."

ஐயர் கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். வீரகத்தி சுற்றிக்கொண்டே இருந்தார்.