கரீம் பாய் சொன்ன அருவி

கரீமுக்கு அன்று ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. அந்த அருவி அங்கே இருக்க வேண்டும்.

இருபது வருடங்களுக்கு முன் அவர் தலையில் துணி மூட்டையோடு சித்தேரி மலை ஊர்களைச் சுற்றி வியாபாரம் செய்தவர். அப்போது ஒரு குறுக்குவழியில், யாரும் எட்டிப் பார்க்காத அருவி ஒன்றைப் பார்த்ததாகச் சொல்லி வந்தார். தருமபுரியில் அவர் மாமியார் வீட்டார் ஒருவர்கூட நம்பவில்லை. யாராவது கொஞ்சம் அளந்துவிட்டால் போதும், "இது கரீம் அருவி" என்று கொல்லென்று சிரிப்பார்கள். சொந்தமாகக் கடை வைத்து, மகளையும் கட்டிக் கொடுத்த பிறகும் அந்தப் பேர் போகவில்லை. மனைவி ஹசீனாவும் அவர்களோடு சேர்ந்துதான் சிரிப்பாள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

மழை ஓய்ந்த ஒரு ஐப்பசி ஞாயிற்றுக்கிழமை, ஹசீனாவையும் அவள் தம்பி ஜீஷானையும் காரில் ஏற்றி மலைக்குக் கூட்டிவந்துவிட்டார். தார் ரோடு முடிந்த இடத்தில் வண்டியை விட்டு நடந்தார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, சுகமான நடை. ஏற்றமே தெரியாத வழி, சாமைக் காட்டு வரப்பு, கணுக்காலை நனைக்கும் ஓடை. ஹசீனா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சின்னப் பெண்ணாட்டம் நடந்தாள். கரீம்தான் எதையும் ரசிக்கவில்லை. இந்த மரமா, அந்த மரமா என்று நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தார். ஒரு மரமும் அவரைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. வழி இரண்டாகப் பிரிந்த இடத்தில் நின்றேவிட்டார். கேட்கலாம் என்றால் கண்ணுக்கு எட்டியவரை ஆள் இல்லை.

"என்ன மச்சான், அருவிய யாராச்சும் கழட்டிக்கிட்டுப் போயிட்டாங்களா?" என்றான் ஜீஷான்.

ஹசீனா சிரிக்கவில்லை. "போதுங்க. இங்கயே உக்காந்து சாப்புட்டுட்டு வூட்டுக்குப் போயிரலாம். நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள். கேலியைவிட அந்தப் பரிவு கரீமை அதிகமாகச் சுட்டது.

"ஆமாங்க மச்சான், இத எறக்கி வெச்சரலாம். கையே போச்சு" என்று ஜீஷான் காரிலிருந்து தூக்கிவந்த பிரியாணிப் பாத்திரத்தை, அந்தக் கனத்த தேக்சாவை, கீழே வைக்கப் போனான்.

"இங்க குடு மாப்ள." கரீம் துண்டைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்து, தேக்சாவை அதன்மேல் ஏற்றிக்கொண்டார். வெறும் வீம்புதான்.

பாரம் ஏறியதும் கழுத்து தானாக விறைத்தது. பார்வை தரைக்கு இறங்கியது. இடப்பக்கத் தடத்தில், நடுவே விரிசல் விட்ட கறுப்புப் பாறை ஒன்று கிடந்தது. அன்று மூட்டையோடு தாண்டிப் போன அதே பாறை! அட பைத்தியக்காரா! மூட்டை சுமந்தவன் என்றைக்கு மரத்தை நிமிர்ந்து பார்த்தான்? இந்த மலையில் அவர் பார்த்ததெல்லாம் தரையைத்தானே!

"வாங்க" என்று முன்னால் நடந்தார். "இப்ப வழிக்குக் குறுக்கால ஒரு வேர் வரும்." வந்தது. "அந்தாண்ட ஒரு பள்ளம், பாத்து வா ஹசீனா." அதுவும் வந்தது. ஹசீனா ஓட்டமும் நடையுமாகப் பின்னாலேயே வந்தாள்.

"என்னங்க, சத்தம் கேக்குதுங்க!"

மூங்கில் புதரை விலக்கினால், அருவி! வெள்ளை வெளேரென்று, இரண்டு தென்னை உயரத்திலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு தென்னை உயரம் என்றுதான் கரீம் கடைசியாகச் சொல்லியிருந்தார். நம்பமாட்டேன் என்கிறார்களே என்று வருடா வருடம் அவரே குறைத்துக்கொண்டு வந்த உயரம் அது.

"யா அல்லாஹ்! இதயா அவ்ளோ கம்மியா சொன்னீங்க? நானும் சேந்து சிரிச்சேனே!" ஹசீனா கண் கலங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கரீம் தேக்சாவை இறக்கிவிட்டு, சட்டையைக்கூடக் கழற்றாமல் நேராக அருவிக்கு அடியில் போய் நின்றார். ஜெயித்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் உரக்கச் சிரித்தார். மச்சினனுக்கென்று வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த சூடான பேச்சு அத்தனையும் மறந்தேபோயிற்று.

அவர் சொட்டச் சொட்ட வெளியே வந்ததும் ஜீஷான் போனை எடுத்தான். "மச்சான், அருவிக்கு முன்னால நில்லுங்க. போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பறேன்."

"நான் எதுக்குடா? நீ போய் நில்லு, நான் எடுக்கறேன்" என்றார் கரீம். "நாளைக்கு இத வூட்டுல போயிச் சொல்லப்போறவன் நீ. போட்டோ இல்லீன்னா உன்னய ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."